நான் ஒருத்தி பேருந்தில் ஏறினால் போதுமா?

கேள்வி:

ஐயா, வேலைக்குப் போக எனக்கு ஒரு வழிக்கு 8 கிலோமீட்டர். ஏழு வருடமாக ஸ்கூட்டரில்தான் போய் வந்தேன். வெயிலும் வெள்ளமும் வருடா வருடம் கூடுவதைப் பார்த்து, என்னால் முடிந்ததைச் செய்யலாம் என்று ஆறு மாதமாகப் பேருந்துக்கு மாறியிருக்கிறேன். காலையில் நல்ல கூட்டம். ஆனால் திரும்பி வரும் பேருந்தில் பல நாள் எட்டுப் பேர்கூட இருப்பதில்லை. "இந்தக் காலிப் பேருந்து விடும் புகைக்கு உன் ஸ்கூட்டரே மேல். இன்னும் கொஞ்ச நாளில் எல்லாமே மின்சார வண்டி ஆகிவிடும், நீ எதற்கு நிறுத்தத்தில் காத்துக் கிடக்கிறாய்?" என்கிறான் என் தம்பி. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இன்னொன்று: எங்கள் குடியிருப்பிலிருந்து இருபது பேர் சேர்ந்து பகுதியின் மன்ற உறுப்பினரைப் பார்க்கப் போகிறோம். சிலர் மெட்ரோ கேட்கலாம் என்கிறார்கள், சிலர் மின்சாரப் பேருந்து, சிலர் கட்டணமில்லாப் பயணம். எதைக் கேட்பது நல்லது? மழை நாளில் மட்டும் நான் இன்னும் ஸ்கூட்டரை எடுத்துவிடுகிறேன். அது தப்பா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மேசையில் வைத்து ஒரு முறை படித்தேன். மறுநாள் பேருந்தில் போகும்போது இன்னொரு முறை படித்தேன். பேருந்துகளுக்கு வழித்தடமும் நேர அட்டவணையும் போடுவதுதான் இருபது வருடத்துக்கு மேலாக என் வேலை. உங்கள் தம்பி கேட்டதை என் துறைக்காரர்கள் தினமும் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறவன் நான். அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். பாதி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அந்தப் பாதியை முதலில் பார்ப்போம்.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். ஒரு லிட்டர் டீசலின் எடையே ஒரு கிலோ இல்லை, அதிலிருந்து எப்படி 2.7 கிலோ வரும் என்று பலர் கேட்பார்கள். டீசலில் உள்ள கார்பன் காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொள்கிறது, எடையில் பெரும்பகுதி அந்த ஆக்சிஜனுடையது. பெட்ரோல் என்றால் லிட்டருக்கு ஏறக்குறைய 2.3 கிலோ. நகர நெரிசலில் நின்று நின்று போகும் பெரிய டீசல் பேருந்து லிட்டருக்கு 4 கி.மீ. ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 670 கிராம் ஆகிறது. உங்கள் ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கி.மீ. கொடுத்தால் கிலோமீட்டருக்கு 51 கிராம். லிட்டருக்கு 12 கி.மீ. போகும் கார் என்றால் 190 கிராம்.

இனி வகுத்துப் பாருங்கள். பேருந்தில் 40 பேர் இருந்தால் தலைக்கு 17 கிராம்தான், ஸ்கூட்டரில் மூன்றில் ஒரு பங்கு. 8 பேர் இருந்தால் தலைக்கு 84 கிராம், ஸ்கூட்டரைவிட அதிகம். காரில் தனியாகப் போகிறவரை முந்த, பேருந்தில் 4 பேர் இருந்தாலே போதும். ஸ்கூட்டரில் தனியாகப் போகிறவரை முந்த 14 பேர் வேண்டும். அந்த ஸ்கூட்டரில் பின்னால் இன்னொருவரும் உட்கார்ந்திருந்தால் பேருந்தில் 27 பேராவது இருந்தாக வேண்டும். பேருந்து என்றாலே பூமிக்கு நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வதை இந்தக் கணக்கைப் போட்ட நாளிலேயே விட்டுவிட்டேன். பேருந்துக்குள் ஆள் இருந்தால்தான் அது காலநிலைக்கு நல்லது. என் வேலையின் சாரமே இந்த ஒரு வரிதான், கீழே நான் சொல்லப் போவதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

சரி, தம்பி தவறிய பாதி எது? அவர் போட்டது சராசரிக் கணக்கு. நீங்கள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அந்த மாலைப் பேருந்து ஓடத்தான் போகிறது. நீங்கள் ஏறுவதால் அது கூடுதலாகக் குடிக்கும் டீசல் சில துளிகள். நீங்கள் ஸ்கூட்டரை எடுத்தால் அந்த 51 கிராம் முழுக்கப் புதிதாகச் சேரும். நாளுக்கு 16 கி.மீ., வருடத்துக்கு 250 வேலை நாள் என்றால் 200 கிலோவுக்குச் சற்று அதிகமாக மிச்சம் பிடிக்கிறீர்கள். உலக சராசரியில் ஓர் ஆளுக்கு வருடத்துக்கு 4.5 டன்னுக்கு மேல் வருகிறது. அதன் பக்கத்தில் வைத்தால் உங்கள் 200 கிலோ சிறியது, ஆனால் உண்மையானது. எட்டுப் பேரோடு போகும் பேருந்தில் ஒன்பதாவதாக ஏறுவதைப் போலக் குறைந்த புகையில் நகரத்தில் போகும் வழி, நடையையும் சைக்கிளையும் விட்டால், வேறு இல்லை என்று தம்பியிடம் சொல்லுங்கள்.

அதோடு, ஒரு பேருந்தை ஒரு நடையை வைத்து எடைபோடக் கூடாது. காலையில் ஊருக்குள் 60 பேரைச் சுமந்துவந்த வண்டி அடுத்த 60 பேரை அழைத்துவர எதிர்த்திசையில் காலியாகப் போய்த்தான் ஆக வேண்டும். கடலலை மாதிரி கூட்டம் ஒரு பக்கமாகத்தான் வரும். முழு நாளின் பயணிகளை முழு நாளின் கிலோமீட்டரோடு வைத்துப் பார்ப்பதுதான் நியாயம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய இடம் வேறு. நீங்கள் திரும்புவது வேலை முடியும் நேரம், எல்லோரும் வீடு திரும்பும் திசை. அந்த நேரத்தில் எட்டுப் பேரா? அடுத்த முறை ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் காலிப் பேருந்து வருவதற்கு ஒன்றிரண்டு நிமிடம் முன்னால், அதே வழித்தடத்தில் இன்னொரு பேருந்து படிக்கட்டு வரை நிரம்பிப் போகிறதா? நீங்கள் கூட்டத்துக்குப் பயந்து அதை விட்டுவிட்டுப் பின்னால் வருவதில் ஏறுகிறீர்களா? அப்படியென்றால் அங்கே பயணிகளுக்குப் பஞ்சமில்லை, பேருந்துகள்தான் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வருகின்றன.

இது எப்படி நடக்கிறது என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நிறுத்தத்தில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்துதான் நான் கற்றுக்கொண்டேன். அட்டவணையில் 10 நிமிடத்துக்கு ஒரு பேருந்து என்று அழகாக எழுதியிருந்தோம். சாலையில் நடந்தது இதுதான். ஒரு பேருந்து ஒரு சிக்னலில் இரண்டு நிமிடம் கூடுதலாக மாட்டிக்கொள்கிறது. அந்த இரண்டு நிமிடத்தில் அடுத்த நிறுத்தத்தில் நாலைந்து பேர் கூடுதலாகச் சேர்கிறார்கள். அவர்கள் ஏற நேரமாகிறது, பேருந்து இன்னும் பிந்துகிறது, அதற்கடுத்த நிறுத்தத்தில் இன்னும் கூட்டம். பின்னால் வரும் பேருந்துக்கோ ஏற்ற ஆளே இல்லை, ஏனென்றால் எல்லோரையும் முன்னால் போனது அள்ளிக்கொண்டு போய்விட்டது. அது விறுவிறுவென்று வந்து முன்னதைப் பிடித்துவிடுகிறது. அப்புறம் கடைசி நிறுத்தம் வரை இரண்டும் சேர்ந்தேதான் போகும். இதில் ஓட்டுநரின் தவறோ நடத்துநரின் சோம்பலோ எதுவும் இல்லை. இடையில் யாரும் சரிசெய்யாவிட்டால் எந்த ஊர்ப் பேருந்தும் தானாகவே இப்படித்தான் ஒட்டிக்கொள்ளும்.

இதன் விலையைப் பாருங்கள். மணிக்கு 6 பேருந்து சீராக வந்தால், நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வருகிறவர் சராசரியாக 5 நிமிடம் காத்திருப்பார். அதே 6 பேருந்து இரண்டிரண்டாகச் சேர்ந்து 20 நிமிடத்துக்கு ஒரு முறை வந்தால் 10 நிமிடம். எரிந்த டீசல் அதே. ஓட்டுநர்களின் உழைப்பு அதே. மக்களுக்குக் கிடைத்த சேவை மட்டும் பாதி. நிறுத்தத்தில் நிற்கும் ஒரு நிமிடம் வண்டிக்குள் உட்கார்ந்து போகும் இரண்டு நிமிடம் மாதிரி மனசுக்குத் தெரியும் என்பது எங்கள் துறையில் எல்லோரும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் விஷயம். அப்படிப் பத்து நிமிடம் நின்று அலுத்தவர்தான் மறுமாதம் தவணையில் வண்டி வாங்குகிறார். வாங்கியவர் லேசில் திரும்பி வருவதில்லை. கரியமில வாயு அங்கேதான், அந்த நிறுத்தத்தில்தான் பிறக்கிறது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மூன்று கோரிக்கைகளும் நல்ல மனதோடு வந்தவை. ஆனால் முதலில் கேட்க வேண்டியது இந்த மூன்றுமே இல்லை என்பது என் கருத்து.

மின்சாரப் பேருந்தை எடுத்துக்கொள்வோம். சீனாவின் ஷென்ஜென் நகரம் 2017 இறுதிக்குள் தன் 16,000க்கும் மேற்பட்ட பேருந்துகளை முழுக்க மின்சாரத்துக்கு மாற்றிக் காட்டியது. முடியும் என்பதில் சந்தேகமே இல்லை. புகையும் இரைச்சலும் தெருவிலிருந்து போய்விடுவது, நிறுத்தத்தில் நிற்கும் குழந்தையின் நுரையீரலுக்கு உடனடி நன்மை. காலநிலைக் கணக்கோ மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. பெரிய மின்சாரப் பேருந்து கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு யூனிட்டோ சற்று அதிகமோ எடுக்கும். அந்த யூனிட் முழுக்க நிலக்கரியிலிருந்து வந்தால் அனல்மின் நிலையத்தில் கிட்டத்தட்ட ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகும். டீசலின் 670 கிராமோடு ஒப்பிட்டால் லாபமே இல்லை. சூரிய ஒளியும் காற்றும் அதில் சேரச் சேரக் கணக்கு மாறும். நான் மின்சாரப் பேருந்தை ஆதரிப்பதற்கு முக்கியக் காரணமும் இதுதான்: இன்று வாங்கிய அதே பேருந்து, மின்கட்டமைப்பு சுத்தமாகும்போது தானும் சுத்தமாகிக்கொண்டே போகும். டீசல் வண்டிக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆனாலும் காலியாக ஓடும் மின்சாரப் பேருந்து காலிப் பேருந்துதான். ஒட்டிக்கொண்டு வரும் மின்சாரப் பேருந்துக்கும் அதே பத்து நிமிடம்தான் காத்திருப்பீர்கள்.

இதையே தம்பியின் மின்சாரக் கார் வாதத்துக்கும் பொருத்திப் பாருங்கள். கார் மின்சாரத்துக்கு மாறட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது சாலையில் பிடிக்கும் இடம் குறையாது. நின்றிருக்கும்போது பிடிக்கும் இடமும் குறையாது, நாளில் பெரும்பகுதி நேரம் அது சும்மாதான் நிற்கும். கார்களுக்கு இடம் கொடுக்க நகரம் அகலமாகிறது. வீடு, பள்ளி, கடை எல்லாம் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகின்றன, நடந்து போன தூரம் வண்டியில் போகும் தூரமாகிறது. பொதுப் போக்குவரத்து காலநிலைக்குச் செய்யும் பெரிய உதவி இந்த இடத்தில்தான் இருக்கிறது, அதைக் கிராம் கணக்கில் காட்டுவது கடினம். பிரேசிலின் குரிட்டிபா நகரம் 1974ல் பேருந்துக்கென்று தனிச்சாலை போட்டபோது, அந்தச் சாலைகளை ஒட்டியே உயரமான கட்டடங்களையும் அடர்த்தியான குடியிருப்புகளையும் அனுமதித்தது. பேருந்து போகும் வழியில் நகரம் வளர்ந்தது. மேயர் ஜெய்மே லெர்னரின் காலத்தில் தொடங்கிய அந்த வேலையைப் பார்த்துத்தான் பிறகு பல நாடுகளில் பேருந்துத் தனிச்சாலைகள் வந்தன.

கட்டணமில்லாப் பயணம் பற்றிக் கொஞ்சம் கவனமாகச் சொல்ல வேண்டும். கையில் காசில்லாததால் வேலைக்கோ மருத்துவமனைக்கோ போக முடியாமல் இருப்பவருக்கு அது பெரிய விடுதலை. அந்தக் காரணத்துக்காக யாராவது கேட்டால் நானும் கூடவே கையெழுத்துப் போடுவேன். காலநிலைக்காக என்று கேட்டால் மட்டும் தயங்குவேன். எஸ்டோனியத் தலைநகர் தாலினில் 2013ல் நகரவாசிகளுக்குப் பயணத்தை இலவசமாக்கினார்கள். பயணிகள் கூடினார்கள். ஆனால் கூடியவர்களில் கணிசமானவர்கள் அதுவரை நடந்து போனவர்கள், காரை விட்டுவிட்டு வந்தவர்கள் குறைவு. வண்டி வைத்திருப்பவருக்குப் பேருந்துக் கட்டணம் ஒரு பொருட்டே இல்லை. அவர் பார்ப்பது நேரத்தை, நம்பிப் புறப்படலாமா என்பதை.

மெட்ரோவுக்கு நான் எதிரி இல்லை. மணிக்குப் பல்லாயிரம் பேர் ஒரே திசையில் போகும் பெருவழிகளுக்கு அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஆனால் சுரங்கத்துக்கும் தூண்களுக்கும் கொட்டும் சிமெண்டும் எஃகும் முதல் ரயில் ஓடுவதற்கு முன்பே பெரிய கார்பன் கடனை ஏற்றிவைத்துவிடும். ரயில் நிறைந்து ஓடினால் வருடக்கணக்கில் அந்தக் கடன் அடையும். திட்டம் போட்டுக் கட்டி முடிக்கப் பத்து வருடம் ஆவது சாதாரணம். அதுவரை உங்கள் குடியிருப்பு எதில் போகும்? மெட்ரோ வந்த பிறகும் நிலையம் வரை எதில் போகும்?

ஆகவே நான் சொல்வது இதுதான். எந்த நேரத்தில் போய் நின்றாலும் பத்து நிமிடத்துக்குள் வரும் பேருந்தைக் கேளுங்கள். அதை நெரிசலில் சிக்காமல் ஓடவிடும் பாதையைக் கேளுங்கள். இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை, பிரித்துக் கேட்டால் கிடைக்காது.

ஏன் என்று ஒரு சிறு கணக்கில் காட்டுகிறேன். ஒரு பேருந்து போய்த் திரும்ப இரண்டு மணி நேரம் ஆகிறது என்றால், 10 நிமிடத்துக்கு ஒன்று விட 12 வண்டிகள் வேண்டும். சிக்னலில் பேருந்துக்கு முன்னுரிமை கொடுத்து, நெரிசலான இரண்டு மூன்று இடங்களில் மட்டும் தனிப்பாதை போட்டு, அந்த இரண்டு மணியை ஒன்றரை மணியாகக் குறைத்துவிட்டோம் என்று வையுங்கள். அதே 12 வண்டியில், அதே ஓட்டுநர்களை வைத்து, ஏழரை நிமிடத்துக்கு ஒன்று விடலாம். ஒரு பேருந்துகூடப் புதிதாக வாங்கவில்லை. வண்டி நின்றுகொண்டே எரிக்கும் டீசலும் குறைகிறது. பேருந்துக் கழகம் "எங்களிடம் வண்டி இல்லை" என்று சொல்லும்போது இந்தக் கணக்கை அவர்கள் முன் வையுங்கள். வேகம்தான் அவர்களுக்குக் கிடைக்கும் இலவச வண்டி.

கற்பனையில் சொல்லவில்லை. சுவிட்சர்லாந்தின் சூரிக் மக்கள் 1973ல் சுரங்க ரயில் திட்டத்தை வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். 1977ல், தரையில் ஓடும் டிராமையும் பேருந்தையும் வேகப்படுத்த 20 கோடி பிராங்க் செலவிட ஒப்புதல் கொடுத்தார்கள். டிராம் நெருங்கினால் சிக்னல் தானாக வழிவிடும், அதன் பாதையில் கார் குறுக்கிடாது என்று ஒவ்வொரு சந்திப்பாகச் சரிசெய்தார்கள். ஒரேயடியாகத் திறப்பு விழா நடத்தும் வேலை இல்லை அது. சந்திப்புக்கு இருபது வினாடி, முப்பது வினாடி என்று பொறுமையாகச் சேர்த்த வேலை. என் தொழிலில் எனக்குப் பிடித்த கதை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். தென்கொரியாவின் சோலில் 2004 ஜூலையில் பேருந்துச் சேவை முழுவதையும் ஒரே நேரத்தில் திருத்தினார்கள். சாலை நடுவே தனிப்பாதை, பேருந்துக்கும் சுரங்க ரயிலுக்கும் ஒரே அட்டை, மாறி ஏறினாலும் மொத்தத் தூரத்துக்குத்தான் கட்டணம். தனியார் நிறுவனங்களுக்கு ஏற்றிய பயணிக்கு ஏற்ற வருமானம் என்றிருந்ததை மாற்றி, ஓட்டிய கிலோமீட்டருக்குப் பணம் என்றாக்கினார்கள். ஆள் பிடிக்க ஒருவரையொருவர் முந்த வேண்டிய தேவையே இல்லாமல் போனது.

தனிப்பாதை என்றதும் உங்கள் இருபது பேரிலேயே கார் வைத்திருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள், எதிர்பாருங்கள். இருக்கிற சாலையே போதவில்லை, அதிலும் ஒரு பாதையைப் பிடுங்குவதா என்பார்கள். அவர்களிடம் பாதையை வண்டிக் கணக்கில் பேசாதீர்கள், ஆள் கணக்கில் பேசுங்கள். கார்கள் மட்டும் ஓடும் ஒரு பாதையில் மணிக்கு 600 முதல் 1,600 பேர்தான் போக முடியும். அதே அகலத்தைப் பேருந்துக்கென்று ஒதுக்கி அடிக்கடி பேருந்து விட்டால் 4,000 முதல் 8,000 பேர் போகலாம். தனிப்பாதை பல நேரம் காலியாகக் கிடப்பது போலத் தெரியும், அது வேகமாக ஓடுவதால் வரும் தோற்றம்.

இதோடு முடிந்தால் நன்றாக இருக்கும், முடியாது. கசப்பான ஒன்று பாக்கி இருக்கிறது. பேருந்தை மட்டும் நன்றாக்கினால் சாலையில் கார்கள் குறையும் என்று நானும் இளம் வயதில் நம்பினேன். அமெரிக்க நகரங்களின் கணக்கை வைத்து டுரான்டன், டர்னர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2011ல் எழுதிய கட்டுரை என் நம்பிக்கையைக் கலைத்தது. சாலையை எவ்வளவு கூட்டுகிறோமோ அந்த அளவுக்கு வண்டிகள் ஓடும் தூரமும் கூடுகிறது என்றார்கள். பொதுப் போக்குவரத்தைக் கூட்டினாலும் வண்டிகள் ஓடும் தூரம் குறைந்ததற்குச் சான்று இல்லை என்றும் காட்டினார்கள். யோசித்தால் புரிகிறது: ஒருவர் காரை விட்டு இறங்கினால் சாலையில் கொஞ்சம் இடம் கிடைக்கும், அந்த இடத்துக்கு இன்னொருவர் காரோடு வந்துவிடுவார்.

ஸ்டாக்ஹோமில் இது அப்படியே கண்ணுக்குத் தெரிந்தது. நகர மையத்துக்குள் நுழையும் வண்டிகளுக்குக் கட்டணம் வாங்கும் சோதனை 2006 ஜனவரியில் தொடங்கியது. அதற்குச் சில மாதம் முன்பே, 2005 ஆகஸ்ட் கடைசியில், கூடுதல் பேருந்துகளை விட்டுவிட்டார்கள். பேருந்துகள் மட்டும் கூடியிருந்த அந்த மாதங்களில் வண்டிகள் குறிப்பிடும்படி குறையவில்லை. கட்டணம் வந்ததும் எல்லையைக் கடக்கும் வண்டிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. தொடங்கும் முன் பெரும்பாலோர் எதிர்த்தார்கள். ஏழு மாதம் அனுபவித்துப் பார்த்த பிறகு, அதே ஆண்டு செப்டம்பரில் நடந்த வாக்கெடுப்பில் நகர மக்கள் ஆதரித்தார்கள். 2007 ஆகஸ்டில் அது நிரந்தரமானது. அதனால் பேருந்தைக் கேட்கும்போதே, சாலையோரத்தில் இலவசமாக வண்டி நிறுத்தும் இடத்தைக் குறைப்பதையும் சேர்த்துக் கேட்க உங்களுக்குத் துணிவு வேண்டும். உங்கள் கூட்டத்தில் இது பலருக்குப் பிடிக்காது. ஆனால் இதை விட்டுவிட்டால், நீங்கள் மிச்சம் பிடித்த 200 கிலோவை இன்னொருவர் வந்து செலவழித்துவிடுவார். ஆற்றல் பயன்பாட்டிலிருந்து உலகில் வரும் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய 23 சதவீதம் போக்குவரத்திலிருந்து என்றும், போக்குவரத்தின் பங்கில் 70 சதவீதம் சாலை வண்டிகளிலிருந்து என்றும் ஐ.நா.வின் காலநிலைக் குழு 2022 அறிக்கையில் சொல்கிறது. அந்த 70 சதவீதம் தானாகக் குறையாது.

நீங்கள் ஒரு பெண் என்பதால் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. அட்டவணை போடும் எங்கள் மேசையில் நெடுங்காலமாக ஒரே பயணியைத்தான் மனதில் வைத்திருந்தோம்: காலை ஒன்பது மணிக்கு அலுவலகம் போய் மாலை ஆறு மணிக்குத் திரும்பும் ஒருவர். குழந்தையைப் பள்ளியில் விட்டு, மருந்து வாங்கி, வயதான அம்மாவைப் பார்த்துவிட்டு, மதியம் ஒரு மணிக்கு வீடு திரும்புகிறவர் எங்கள் கணக்கிலேயே இல்லை. அவருக்கான பேருந்தைத்தான் "கூட்டமில்லாத நேரம்" என்று முதலில் வெட்டுவோம். அப்படி வெட்டியவர்களில் நானும் ஒருவன், இன்று வருந்துகிறேன். கடைசிப் பேருந்தும் அப்படித்தான். இரவு எட்டரை மணிக்கு மேல் பேருந்து இல்லை என்றால், எட்டரைக்குப் பிறகு பயணம் செய்கிறவர் மட்டும் குறைய மாட்டார். ஒரு வேளை நேரமாகிவிட்டால் என்ன செய்வது என்று நினைத்துக் காலையிலேயே வண்டியை எடுத்துவிடுகிறவர்கள் பலர். பத்து மணிக்கு ஐந்து பேரோடு போகும் பேருந்துதான் காலை எட்டு மணிப் பேருந்தை நிரப்புகிறது. தம்பியின் கிராம் கணக்கில் அது தெரியாது.

நிறுத்தத்தையும் மறந்துவிடாதீர்கள். வெயில் கூடிக்கொண்டே போகிறது. நிழலில்லாத நிறுத்தத்தில் பதினைந்து நிமிடம் நிற்பது முதியவருக்கும் கர்ப்பிணிக்கும் ஆபத்து என்ற நிலைக்கு வந்துவிட்டோம். தகரக் கூரை வெப்பத்தைக் கீழே இறக்கும். கூரைக்கு மேல் ஒரு மரமும் நின்றால்தான் நிழல் குளுமையாக இருக்கும். மரம் வளரக் காலமாகும், ஆகவே அதை இந்த வருடமே நட வேண்டும். நிறுத்தம் வரை நடைபாதையும் விளக்கும் இல்லாத இடத்தில், எவ்வளவு நல்ல பேருந்து விட்டாலும் பயனில்லை.

உறுப்பினரைப் பார்க்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் இருபது பேரில் நாலு பேர், மாலை ஐந்தரை முதல் ஏழரை வரை முறைபோட்டு, இரண்டு வாரம் அந்த நிறுத்தத்தில் குறிப்பெடுக்கட்டும். பேருந்து வந்த நேரம், தட எண், உட்கார இடம் இருந்ததா, நின்று போனார்களா, தொங்கிக்கொண்டு போனார்களா, நிறுத்தாமல் போனதா. இவ்வளவு போதும். உங்கள் காலிப் பேருந்துக்கு முன்னால் நிரம்பியது போகிறதா என்பது மூன்றாவது நாளே தெரிந்துவிடும். எந்த இடத்தில் பேருந்து அதிகம் மாட்டிக்கொள்கிறது என்று நடத்துநர்களிடம் கேளுங்கள், கை நீட்டிக் காட்டுவார்கள். பிறகு மனுவில் ஊரையே மாற்றச் சொல்லாமல் ஒரு தடம், ஒரு சந்திப்பு, ஒரு நிறுத்தம் என்று கேளுங்கள். இந்தத் தடத்தில் இடைவெளியைச் சீராக்க ஒரு நேரக் காப்பாளர், இந்தச் சந்திப்பில் பேருந்துக்கு முன்னுரிமை, இந்த நிறுத்தத்துக்கு நிழலும் விளக்கும். உறுப்பினருக்கு மட்டும் கொடுக்காதீர்கள். சாலை நகராட்சியிடம், சிக்னல் போலீசிடம், பேருந்து கழகத்திடம் என்று மூன்று கையில் பிரிந்து கிடப்பதுதான் பெரும்பாலான ஊர்களின் நோய். மூவருக்கும் ஒரே மனுவைக் கொடுத்து, மூவரையும் ஒரே நாளில் அந்த நிறுத்தத்துக்கு வரவழைக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

மழை நாளில் ஸ்கூட்டர் எடுப்பது தப்பா என்று கேட்டிருந்தீர்கள். தப்பில்லை, சகோதரி. நனைந்துகொண்டே நிற்கச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. ஆனால் அன்றும் அந்த நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்: ஏன் எடுத்தீர்கள் என்று. கூரை ஒழுகியதா, நிறுத்தத்தைச் சுற்றித் தண்ணீர் கட்டி நின்றதா, மழையில் பேருந்து அரை மணி பிந்தியதா? பேருந்தில் ஏறியவர்களின் கணக்கு எங்களிடம் கட்டுக்கட்டாக இருக்கிறது. ஏற நினைத்து ஏறாமல் போனவர் எதனால் போனார் என்ற கணக்கு எங்கள் எந்தக் கோப்பிலும் இல்லை.